ஒரு விஞ்ஞானியின் ஆய்வுப் பட்டியலை எப்படிப் படிப்பது? அஸீஸ் சன்ஜார் காட்டும் வழி

"முந்நூறு ஆய்வுக் கட்டுரைகள் எழுதிய விஞ்ஞானி சொல்கிறார்" என்ற அறிமுகத்தோடு மருத்துவக் குறிப்புகள் நம் கைப்பேசிகளுக்கு வந்தவண்ணம் இருக்கின்றன. பயோடெக்னாலஜியோ மைக்ரோபயாலஜியோ படித்த நம் பிள்ளைகள் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியைத் தேடும்போதும் இத்தகைய எண்கள்தாம் முன்னால் வந்து நிற்கின்றன. இத்தனை கட்டுரைகள், இத்தனை மேற்கோள்கள், ஹெச் இண்டெக்ஸ் இவ்வளவு என்று பட்டியல் நீள்கிறது. இந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை என்பது தெரியாவிட்டால், பெரிய எண்ணைக் கண்டு ஏமாறவும் நேரும். சிறிய எண்ணைக் கண்டு நல்ல ஆய்வாளரைத் தவறவிடவும் நேரும்.

இதைப் புரிந்துகொள்ள, உலகம் அறிந்த ஒரு மூலக்கூறு உயிரியலாளரின் ஆய்வுப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். அவர் துருக்கியில் பிறந்த அஸீஸ் சன்ஜார். 2015ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசை, ஸ்வீடனைச் சேர்ந்த தோமஸ் லிண்டால், அமெரிக்காவின் பால் மோட்ரிச் ஆகியோரோடு பகிர்ந்துகொண்டவர். உயிரணுக்கள் சேதமடைந்த டி.என்.ஏ.வை எவ்வாறு பழுதுபார்க்கின்றன என்பதைக் கண்டறிந்ததற்காக மூவருக்கும் அந்தப் பரிசு கிடைத்தது.

மருத்துவர் ஆய்வாளரான கதை

சன்ஜார் 1946ஆம் ஆண்டு தென்கிழக்குத் துருக்கியின் மார்தின் மாகாணத்தில் உள்ள சவூர் என்ற சிற்றூரில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஏழாமவர். பெற்றோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஆனால் பிள்ளைகள் படித்தாக வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்கள். இஸ்தான்புல்லில் மருத்துவம் படித்து 1969ல் பட்டம் பெற்ற சன்ஜார், தம் சொந்தப் பகுதியிலேயே கிராமப்புற மருத்துவராகப் பணியாற்றினார். பிறகு உயிர்வேதியியலின் மேல் ஆர்வம் கொண்டு அமெரிக்காவுக்குச் சென்றார்.

அவரை ஈர்த்தது ஒரு புதிர். புறஊதாக் கதிர் பட்ட பாக்டீரியாக்கள் சாகும் நிலைக்குப் போய்விடுகின்றன. ஆனால் அவற்றின் மேல் நீல ஒளியைப் பாய்ச்சினால் மீண்டும் பிழைத்துக்கொள்கின்றன. இதை ஆராய்ந்துவந்த கிளாட் ரூபர்ட்டிடம், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் சன்ஜார் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். ஒளியின் உதவியால் டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் நொதிக்கு ஃபோட்டோலையேஸ் என்று பெயர். அந்த நொதிக்குரிய மரபணுவை 1976ல் அவர் தனியே பிரித்தெடுத்து, பாக்டீரியாக்களை அந்த நொதியை மிகுதியாக உற்பத்தி செய்ய வைத்தார். மரபணுக்களைப் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பமே தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது.

மூன்று விண்ணப்பங்கள், மூன்று மறுப்புகள்

1977ல் முனைவர் பட்டம் கிடைத்தது. ஆனால் அந்த ஆய்வு அப்போது யாருடைய கவனத்தையும் பெரிதாக ஈர்க்கவில்லை. மேலாய்வுக்காக அவர் அனுப்பிய மூன்று விண்ணப்பங்களும் நிராகரிக்கப்பட்டன. ஆய்வை விட்டுவிட மனமில்லாமல், யேல் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் டீன் ரப் என்பவரின் ஆய்வகத்தில் தொழில்நுட்ப உதவியாளர் வேலையை ஏற்றுக்கொண்டார். முனைவர் பட்டம் பெற்றவர் அதற்குக் கீழான பதவியில் அமர்ந்தார்.

ஒரு கண்டுபிடிப்பின் மதிப்பு உடனே எண்ணாக மாறுவதில்லை. அந்த மரபணு ஆய்வு 1978ல்தான் 'ஜீன்' என்ற ஆய்விதழில் வெளியானது. அதை மற்றவர்கள் படித்து, தம் ஆய்வுக்குப் பயன்படுத்தி, தம் கட்டுரையில் குறிப்பிட்டு, அதுவும் அச்சாகி வர ஆண்டுகள் பிடிக்கும். இளம் ஆய்வாளர் ஒருவரின் மேற்கோள் எண்ணிக்கை குறைவாக இருப்பதாலேயே அவரை ஒதுக்கிவிட்டால், 1977ன் சன்ஜாரையும் நாம் ஒதுக்கியிருப்போம்.

இரண்டு பக்கக் கட்டுரை

யேலில் அவர் முதலில் செய்தது ஒரு கருவியை உருவாக்கும் வேலை. ஒரு மரபணு எந்தப் புரதத்தை உண்டாக்குகிறது என்பதைக் கண்டுபிடிப்பது அன்று கடினம். ஏனெனில் பாக்டீரியா தனக்குரிய ஆயிரக்கணக்கான புரதங்களையும் சேர்த்தே உற்பத்தி செய்யும். பழுதுபார்க்கும் திறனற்ற பாக்டீரியாக்களின் மேல் புறஊதாக் கதிரைப் பாய்ச்சினால் அவற்றின் பெரிய டி.என்.ஏ. சிதைந்துபோகும். ஆய்வாளர் உள்ளே செலுத்திய சிறு வளைய டி.என்.ஏ.க்களில் பல தப்பிக்கும். அதன்பின் புதிதாக உருவாகும் புரதம் அந்தச் சிறு வளையத்திலிருந்து வந்ததாகவே இருக்கும். 'மேக்சிசெல்' எனப்படும் இந்த முறையை விவரித்து 1979ல் 'ஜர்னல் ஆஃப் பாக்டீரியாலஜி' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதன் நீளம் இரண்டே பக்கம். ஆனால் பழுதுபார்த்தலுக்குத் தொடர்பே இல்லாத துறைகளிலும் அந்த முறை பரவி, அவருடைய தொடக்ககாலக் கட்டுரைகளில் பலராலும் மேற்கோள் காட்டப்பட்ட ஒன்றாயிற்று.

அந்தக் கருவியைக் கொண்டே அடுத்த பெரிய கண்டுபிடிப்பு வந்தது. ஒளி இல்லாமல் இருட்டிலும் பாக்டீரியாக்கள் டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கின்றன என்பதும், அதற்கு யு.வி.ஆர். ஏ, பி, சி என்ற மூன்று மரபணுக்கள் தேவை என்பதும் அன்று தெரியும். அவை எப்படி வேலை செய்கின்றன என்பது தெரியாது. சன்ஜார் மூன்று புரதங்களையும் பிரித்தெடுத்துச் சோதனைக் குழாயில் ஒன்றுசேர்த்தார். புறஊதாக் கதிரால் சேதமுற்ற இடத்துக்கு இரு பக்கத்திலும் அவை டி.என்.ஏ. இழையை வெட்டி, 12 அல்லது 13 எழுத்துகள் கொண்ட துண்டை நீக்குகின்றன என்று காட்டினார். தையற்காரர் கிழிந்த இடத்தை மட்டும் கத்தரித்தெடுத்துப் புதுத் துணியை வைத்துத் தைப்பது போன்ற வேலை இது. ரப்புடன் இணைந்து அவர் எழுதிய இந்தக் கட்டுரை 1983ல் 'செல்' இதழில் வெளியானது. அதற்குள், 1982ல், அவர் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில் ஆசிரியர் பணியில் சேர்ந்துவிட்டார்.

'இல்லை' என்று சொன்ன ஆய்வு

மனித உயிரணுக்களிலும் இதே வகைப் பழுதுபார்ப்பு நடக்கிறது. ஆனால் அங்கே வெட்டப்படும் துண்டு ஏறத்தாழ முப்பது எழுத்துகள் கொண்டது என்பதை 1992ல் அவர் குழு நிறுவியது. இந்தப் பழுதுபார்ப்பு பிறவியிலேயே குறைபட்டவர்களுக்கு, வெயில் பட்டாலே தோல் பாதிப்பும் சிறு வயதிலேயே தோல் புற்றுநோயும் வரக்கூடிய சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற நோய் உண்டாகிறது. ஒரு பாக்டீரியாவைப் பற்றிய கேள்வியாகத் தொடங்கிய ஆய்வு மனிதர்களின் நோய் வரை வந்து சேர்ந்தது.

ஒளியால் வேலை செய்யும் ஃபோட்டோலையேஸ் மனிதர்களிடமும் இருப்பதாக அக்காலத்தில் சிலர் கருதிவந்தார்கள். 1993ல் சன்ஜார் குழு, மனிதர்களிடம் அந்த நொதி இருப்பதற்குச் சான்று இல்லை என்று ஒரு கட்டுரை வெளியிட்டது. 'இல்லை' என்று சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் கைதட்டல் பெறுவதில்லை. ஆனால் அந்த 'இல்லை'தான் அடுத்த கேள்வியைத் திறந்தது. மனிதர்களிடம் அந்த நொதியைப் போலவே தோற்றமளிக்கும் இரண்டு புரதங்கள் கண்டறியப்பட்டன. அவை டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கவில்லை என்றால் வேறு எதற்கு இருக்கின்றன? கிரிப்டோகுரோம் எனப்படும் அவை, உறக்கத்தையும் விழிப்பையும் ஒழுங்குபடுத்தும் நம் உடற்கடிகாரத்தோடு தொடர்புடையவை என்ற திசையில் 1998ல் மியாமோட்டோவும் சன்ஜாரும் இணைந்து எழுதினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் கிரிப்டோகுரோம் அந்தக் கடிகாரத்தின் முக்கிய உறுப்பு என்பதை உறுதிசெய்தன.

நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட 2015லும் ஒரு புது முறை வந்தது. உயிரணு வெட்டியெறியும் அந்தச் சிறு துண்டுகளைப் பிடித்து, எழுத்தெழுத்தாகப் படித்து, மனித மரபணுத் தொகுதி முழுவதிலும் எங்கெங்கே பழுதுபார்ப்பு நடக்கிறது என்று வரைபடமாக்கும் முறை அது. அடுத்த ஆண்டே, புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின் உண்டாக்கும் சேதத்துக்கும் அதே போன்ற வரைபடம் வெளியானது. நாற்பது ஆண்டுகளாக ஒரே கேள்வி, ஒவ்வொரு முறையும் ஒரு படி ஆழமாக. ஆய்வுப் பட்டியலில் நாம் முதலில் தேட வேண்டியது இந்தத் தொடர்ச்சியைத்தான்.

பெயர்களின் வரிசை

மூலக்கூறு உயிரியலில் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே உள்ள பெயர் வரிசைக்குப் பொருள் உண்டு. பொதுவாக, சோதனைகளைப் பெரும்பாலும் தம் கையால் செய்தவரின் பெயர் முதலில் வரும். ஆய்வகத்தின் தலைவர் பெயர் கடைசியில் வரும். 1979, 1983 ஆண்டுக் கட்டுரைகளில் சன்ஜார் பெயர் முதலில், ரப் பெயர் கடைசியில். 1998 கட்டுரையில் மியாமோட்டோ முதலில், சன்ஜார் கடைசியில். மாணவர் ஆசானாக மாறியதை இந்த வரிசையே காட்டிவிடுகிறது.

வழிகாட்டியைத் தேடும் பிள்ளைகளுக்கு இது மிகவும் பயன்படும். பேராசிரியரின் பெயர் கடைசியில் இருக்கும் கட்டுரைகளை எடுத்து, முதலில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அவருடைய மாணவர்களின் பெயர்கள் முதலில் வருகின்றனவா? அவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? மாணவர்களை வளர்க்கும் ஆசிரியரா என்பதை இந்தக் கேள்விகள் வெளிப்படுத்தும். ஐம்பது பேர் கொண்ட பட்டியலில் எப்போதும் நடுவில் மட்டுமே பெயர் வரும் ஒருவரின் 'முந்நூறு கட்டுரைகள்' வேறு கதை.

மேற்கோளை எண்ணுவது எப்படி?

ஒரு கட்டுரையைப் பின்னால் வந்த எத்தனை கட்டுரைகள் குறிப்பிட்டுள்ளன என்பதே மேற்கோள் எண்ணிக்கை. இதை முறையாகத் தொகுத்தவர் அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்ட். அவருடைய 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' 1964ல் வெளிவந்தது. தொடர்புடைய கட்டுரைகளைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் கருவியாகவே அதை அவர் முன்வைத்தார். ஆட்களை எடைபோடும் தராசாக அது மாறியது பிற்பாடுதான்.

ஹெச் இண்டெக்ஸ் என்பது 2005ல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் முன்வைத்த அளவு. ஒருவருக்கு ஐந்து கட்டுரைகள். அவை பெற்ற மேற்கோள்கள் 40, 12, 6, 4, 1 என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது நான்கு மேற்கோள்கள் பெற்ற கட்டுரைகள் நான்கு இருப்பதால் அவருடைய ஹெச் இண்டெக்ஸ் 4. இன்னொருவருக்கு நான்கே கட்டுரைகள். மேற்கோள்கள் 900, 700, 500, 3. அவருடைய ஹெச் இண்டெக்ஸ் 3தான். இருவரில் துறையை அதிகம் மாற்றியவர் யார் என்பதை எண் தலைகீழாகக் காட்டக்கூடும் என்பது இதிலிருந்தே விளங்கும். தவிர, ஹெச் இண்டெக்ஸ் ஆண்டுகள் ஏற ஏறக் கூடுமே தவிரக் குறையாது. எனவே முப்பது வயதுக்காரரையும் அறுபது வயதுக்காரரையும் அதை வைத்து ஒப்பிட முடியாது. கணிதத்தையும் உயிரியலையும் ஒப்பிடவும் முடியாது. உயிரியலில் ஆய்வாளர்களும் அதிகம், ஒவ்வொரு கட்டுரையும் காட்டும் மேற்கோள்களும் அதிகம்.

எந்த வகைக் கட்டுரை என்பதும் முக்கியம். 2004ல் சன்ஜாரும் மூன்று சக ஆய்வாளர்களும் பாலூட்டிகளின் டி.என்.ஏ. பழுதுபார்ப்பு பற்றி 'ஆனுவல் ரிவ்யூ ஆஃப் பயோகெமிஸ்ட்ரி' இதழில் எழுதியது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அதுவரை தெரிந்தவற்றைத் தொகுத்துச் சொல்லும் திறனாய்வுக் கட்டுரை. அவருடைய எழுத்துகளில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவற்றுள் அதுவும் ஒன்று. தனித்தனியே பல கண்டுபிடிப்புகளைச் சுட்டுவதற்குப் பதில் ஒரு தொகுப்பைச் சுட்டுவது எழுதுபவர்களுக்கு எளிது. அதனால் தொகுப்புகளின் எண் உயரும். கண்டுபிடித்த மூலக் கட்டுரையின் எண் அப்படியே நின்றுவிடும்.

செய்முறைக் கட்டுரைகளும் இப்படித்தான். கரைசலில் உள்ள புரதத்தின் அளவைக் காணும் முறையை ஆலிவர் லோரி 1951ல் எழுதினார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களோடு, உலகிலேயே மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரையாக அது நிற்கிறது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவத்தை அறிவித்த வாட்சன், கிரிக் ஆகியோரின் 1953ஆம் ஆண்டுக் கட்டுரையோ, 'நேச்சர்' இதழ் 2014ல் வெளியிட்ட முதல் நூறு பட்டியலில் இடம்பெறவே இல்லை. எல்லோருக்கும் தெரிந்த உண்மையாகிவிட்ட ஒன்றை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

மேற்கோள் எல்லாம் பாராட்டு அல்ல

ஒரு கட்டுரையை மறுப்பதற்காகக் குறிப்பிட்டாலும் எண் ஏறும். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பதாக ஐயத்தைக் கிளப்பிய, பன்னிரண்டு குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை 'லான்செட்' இதழ் 2010ல் திரும்பப் பெற்றது. அந்தக் கட்டுரைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை அது தவறு என்று சொல்பவை. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது புகழ்பெற்ற ஆய்வாகத் தெரியும். அதை நம்பி எத்தனையோ பெற்றோர் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடத் தயங்கினார்கள்.

இதழின் பெயரையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 'இம்பாக்ட் ஃபேக்டர்' என்பது, ஓர் இதழில் கடந்த இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டில் பெற்ற மேற்கோள்களின் சராசரி. வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை வைத்து ஒரு மாணவனின் அறிவை முடிவுசெய்ய முடியாது. இதைச் சுட்டிக்காட்டி, ஆட்களையும் ஆய்வுகளையும் இதழின் எண்ணை வைத்து மதிப்பிடக் கூடாது என்று 2013ல் சான் பிரான்சிஸ்கோ அறிக்கை வெளியாயிற்று. ஏராளமான ஆய்வாளர்களும் நிறுவனங்களும் அதில் கையொப்பமிட்டுள்ளனர்.

இந்த எண்களின் மோகத்தில் பிழைப்பு நடத்தும் போலி இதழ்களும் உண்டு. பணம் கட்டினால் சில நாட்களில் கட்டுரை அச்சாகும். துறை வல்லுநர் எவரும் படித்துப் பார்ப்பதில்லை. மின்னஞ்சலில் புகழ்ந்து அழைத்து, ஒரு வாரத்தில் வெளியீடு என்று உறுதி தரும் இதழ்களிடம் நம் பிள்ளைகள் சிக்கினால் பணமும் போகும், பின்னாளில் பெயரும் கெடும்.

வீட்டிலிருந்தே சரிபார்க்க

ஒருவர் உண்மையில் ஆய்வாளரா என்று அறிய, 'பப்மெட்' என்ற இலவசத் தளத்தில் அவர் பெயரைத் தேடலாம். அமெரிக்க அரசின் தேசிய மருத்துவ நூலகம் அதை நடத்துகிறது. 'கூகுள் ஸ்காலர்' மேற்கோள் எண்ணிக்கையைக் காட்டும். ஆனால் அது எல்லா வகை ஆவணங்களையும் சேர்த்து எண்ணுவதால் எண் பெரிதாகவே தெரியும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றால் பப்மெட் பக்கத்தில் அந்த அறிவிப்பும் பொதுவாக இருக்கும்.

தேடும்போது பெயர்க் குழப்பத்தை மறந்துவிடக் கூடாது. நம் பெயர்களில் முஹம்மது, அஹமது, அப்துல் ஆகியவை எத்தனை பேருக்கு இருக்கின்றன! போதாக்குறைக்குத் தமிழ் வழக்கில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்க, இதழ்கள் அதைக் குடும்பப் பெயர் என்று எண்ணி இடம் மாற்றிவிடுகின்றன. ஒருவருடைய கட்டுரைகள் இன்னொருவர் கணக்கில் சேர்வதும், ஒரே ஆளின் கட்டுரைகள் மூன்று பெயர்களில் சிதறுவதும் இதனால்தான். இதற்குத் தீர்வாக 2012 முதல் 'ஆர்கிட்' என்ற பதினாறு இலக்க எண் இலவசமாக வழங்கப்படுகிறது. ஆய்வில் கால்வைக்கும் பிள்ளைகள் முதல் கட்டுரைக்கு முன்பே அதைப் பெற்றுக்கொண்டு, பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் கடைசி வரை எழுதிவர வேண்டும்.

பிறகு, எண்களை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவர் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார்? இவர் கண்டதை வேறு ஆய்வகங்கள் செய்து பார்த்து உறுதிசெய்திருக்கின்றனவா? இவர் சொன்னதன் மேல் வேறு யாராவது எதையாவது கட்டியிருக்கிறார்களா? 1977ல் சன்ஜாரிடம் காட்டுவதற்குப் பெரிய எண் எதுவும் இல்லை. ஆனால் முதல் கேள்விக்குத் தெளிவான விடை இருந்தது. மற்ற இரண்டுக்கும் விடை வர ஆண்டுகள் ஆயின. ஆய்வுத் துறைக்குப் பிள்ளைகளை அனுப்பும் நாம், அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்தே மனத்தைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும்.